கோப்பிக் கெப்சூலும் எங்கள் கொழுந்தும்

மருந்துக் கெப்சூலை நாம் எல்லோரும் அறிவோம். கோப்பிக் கெப்சூலைப் பெல்மதுளையில் கண்டவர்கள் குறைவு. சிறிய அலுமினிய அல்லது பிளாஸ்டிக் சிமிழ் ஒன்றுக்குள், ஒரு கோப்பைக்குப் போதுமான ஐந்தாறு கிராம் கோப்பித் தூளைக் காற்றுப் புகாமல் அடைத்திருப்பார்கள். அதை இயந்திரத்தில் போட்டுப் பொத்தானை அழுத்தினால் கோப்பி தயார். நெஸ்லே நிறுவனம் 1986இல் 'நெஸ்பிரெசோ' என்ற பெயரில் இதனை விற்கத் தொடங்கியது. இன்று மேலைநாடுகளில் பல வீடுகளிலும் அலுவலகங்களிலும் இது பழகிப்போன பொருள்.

"தேயிலையையும் இப்படி அடைத்து விற்றால் நாடு முன்னேறும்" என்று சொல்வோர் உண்டு. உயர்தரத்தில் பொருளியல் கற்கும் மாணவி என்ற வகையில் அந்த ஆசை எனக்குப் புரிகிறது. வெட்டாத கல்லுக்கும் பட்டை தீட்டிய கல்லுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை இரத்தினபுரி மாவட்டத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெறுமதி சேர்ப்பது நல்லதுதான். ஆனால் அந்தப் பெறுமதி யாரிடம் போகிறது, நட்டம் யார் தலையில் விழுகிறது என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

முதலில் சந்தையைப் பார்ப்போம். ஒரு நிறுவனத்தின் கெப்சூல் அதன் இயந்திரத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம். 2012 அளவில் முக்கிய காப்புரிமைகள் காலாவதியாகத் தொடங்கியதும் மற்றவர்களும் மலிவான கெப்சூல்களோடு போட்டிக்கு வந்தார்கள். குப்பை இன்னொரு பிரச்சினை. ஜேர்மனியின் ஹம்பர்க் நகரம் 2016இல் அரச பணத்தில் கெப்சூல் வாங்குவதை நிறுத்தியது. தேநீருக்கென்றே நெஸ்லே 2010இல் 'ஸ்பெஷல் டீ' என்ற கெப்சூல் இயந்திரத்தைக் கொண்டுவந்து, பின்னர் கைவிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனமே கைவிட்ட வழியில் நாம் கடன்பட்டு இறங்கலாமா?

அடுத்தது நிரம்பல். 2021 ஜூலையில் பிரேசிலில் உறைபனியால் கோப்பிச் செடிகள் கருகின. பின்னர் வரட்சியும் வந்தது. 2025 பெப்ரவரியில் அரபிக்கா கோப்பி ஓர் இறாத்தல் 4 டொலரைத் தாண்டியது. எவ்வளவு அழகாக அடைத்தாலும் உள்ளே இருப்பது மண்ணில் விளையும் பொருள்தானே!

இது இலங்கைக்குப் புதிய பாடமல்ல. ஒரு காலத்தில் இது கோப்பி நாடு. நம் பக்கத்து பலாங்கொடையிலும் இறக்குவானையிலும்கூடக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1869இல் கோப்பி இலைகளில் துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பயிர்ச்செய்கையே சரிந்தது. 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலைதான் பிறகு நாட்டைத் தூக்கி நிறுத்தியது.

அந்தத் தேயிலையும் ஆட்டம் கண்டதை நாமே பார்த்தோம். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக விழுந்தது. கொழுந்துக் காசில் படிக்கும் தோழிகள் எனக்கு உண்டு. அந்த நாட்களில் டியூஷன் வகுப்பை நிறுத்தியவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

நாட்டின் தேயிலையில் பெரும்பகுதி சிறு தோட்டக்காரர்களின் கொழுந்திலிருந்தே வருகிறது. கொழும்பு ஏலத்தில் கிடைக்கும் விலையை அடிப்படையாக வைத்து 68 வீதம் கொழுந்து தந்தவருக்கும் 32 வீதம் தொழிற்சாலைக்கும் என்பது நடைமுறை. ஏலத்துக்குப் பிறகு பையும் பெட்டியும் பெயரும் சேர்ந்து கூடும் விலை அந்தக் கணக்கில் வராது. மழை பொய்த்தால் மட்டும் முதல் நட்டம் அவருக்கே.

"முதல் போட்டவருக்குத்தானே இலாபம்?" என்று கேட்கலாம். கன்று நட்டு, கொழுந்து வரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவரும் முதல் போட்டவர்தான்.

ஆகவே என் கருத்து இதுதான். இயந்திரத்தை நம்பிய கெப்சூலைவிட, சுடுநீர் மட்டுமே கேட்கும் தேயிலைப் பை நமக்குப் பொருத்தமானது. அதுவும் ஒரு கோப்பைக்கான அளவுதான். எந்த நாட்டுக் கடையிலும் விற்கலாம். சிறு தோட்டக்காரர்களின் சங்கங்களே பொதி செய்து விற்க அரசும் வங்கிகளும் உதவ வேண்டும். ஏனைய ஏற்றுமதியாளர்களின் இலாபத்திலும் ஒரு பங்கு மறுநடுகைக்காகத் திரும்பி வர வேண்டும். இது தர்மமல்ல; செடி இல்லாவிட்டால் பையும் இல்லை.

பொதியிடல், உணவுத் தொழில்நுட்பம், சந்தைப்படுத்தல் ஆகியவற்றைக் கற்கும் பெண்பிள்ளைகளுக்கு இந்த ஊரிலேயே வேலை இருக்கும். பெற்றோர்களே, எங்கள் மேற்படிப்பைத் தீர்மானிக்கும்போது இதையும் நினைத்துப் பாருங்கள். தோழிகளே, தேயிலை ஏற்றுமதி வருமானம் கூடியது என்று செய்தி வரும்போதெல்லாம், கொழுந்தின் விலையும் கூடியதா என்று கேட்கப் பழகுவோம்.