கரியாலூருக்கும் ஒரு திரை

திருவனந்தபுரத்தில் கேரள சலச்சித்திர அகாதமி 2008 முதல் நடத்திவரும் சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழாவுக்குப் போனால் மனம் நிறைந்துவிடும். கைரளி, ஸ்ரீ, நிளா திரையரங்குகள் மூன்றும் ஒரே வளாகம். படிக்கட்டில் உட்கார்ந்து, அடுத்து எந்தப் படத்துக்கு ஓடுவது என்று வாதாடும் கல்லூரிப் பிள்ளைகள். பன்னிரண்டு நிமிடப் படம் எடுத்தவரை வாசலில் மடக்கி அரைமணி நேரம் கேள்வி கேட்பார்கள். மக்கள் பணம் இதைவிட நல்ல காரியத்துக்குச் செலவாக முடியாது.

அந்தப் படிக்கட்டில் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலைப் பிள்ளைகளும் உட்கார வேண்டும் என்பது என் ஆசை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானபோது கேமராக்கள் இந்த மலைக்கும் ஏறின, சாராய ஊறலைத் தேடி. சாமை விளைவிக்கிற, கடுக்காய் பொறுக்குகிற மலையாளிப் பழங்குடி மக்களின் வாழ்க்கையை அந்த ஊறலை வைத்து அளப்பது அநியாயம். அவர்கள் கதையை அவர்கள் பிள்ளைகளே எடுக்கட்டும். முதுமலை தெப்பக்காட்டின் பழங்குடித் தம்பதி பொம்மனையும் பெள்ளியையும் காட்டிய ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ 2023-இல் ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. அந்தப் பிரிவில் 40 நிமிடத்துக்கு மேல் ஓடும் படத்துக்கு இடமே கிடையாது; சின்னப் படமே போதும்.

அதற்கு முதல் படியாக, கரியாலூரில் நடக்கும் கல்வராயன் கோடை விழாவில் இரண்டு மாலைகளைக் குறும்படங்களுக்கு ஒதுக்குங்கள். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி மாணவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். படம் எடுத்தவர்களையும் கரியாலூருக்கு அழைத்து வாருங்கள், பிள்ளைகள் கேட்கட்டும். ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளைத் துணி, மின்சாரம் போனால் ஒரு ஜெனரேட்டர். மாவட்ட நிர்வாகத்தால் முடியாத செலவா இது?