தடிக்குப் பொற்குவை, தாழ்த்தப்பட்டோர்க்குத் திருவோடா?



காவல்துறைக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பகுதியைக் குடிசைக்கும் கல்விக்கும் திருப்புக என்றால், "திருடனைப் பிடிப்பவர் யார்?" என்று சீறுகின்றனர் சிலர். 2020ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், காவலரின் முழங்காலின் கீழ் ஜார்ஜ் பிளாய்டு மூச்சிழந்து மாண்டபோது எழுந்த முழக்கம் அது. 2021 நவம்பரில் அந்நகர வாக்காளர்கள் காவல்துறையை மாற்றியமைக்கும் திட்டத்தை ஏற்க மறுத்தனர். "அங்கேயே தோற்றதே!" என எக்காளமிடுகின்றனர் ஏளனக்காரர்கள். தோற்றது வாக்கெடுப்பு, தொலைந்துவிடவில்லை கேள்வி!

அக்கேள்வியை விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் எழுப்புவோம். ஆனால் எவரிடம்? மினியாபொலிசில் காவல்துறை மாநகர ஆட்சியின் கையில். இங்கோ, 1992ஆம் ஆண்டு நிறைவேறிய 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்கென வகுத்த பதினெட்டுப் பணிகளில் குடிநீர் உண்டு, சாலை உண்டு, தெருவிளக்கு உண்டு, சுடுகாடும் உண்டு, காவல் இல்லை! அது மாநில அரசின் அதிகாரம். எனவே நகராட்சி வாயிலில் முழங்கிப் பயனில்லை. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில், காவல்துறை மானியக் கோரிக்கை வரும் நாளில் முழங்கவேண்டும்.

ஏன் முழங்கவேண்டும்? வரி பறிக்கவும் வாக்குமூலம் பெறவும் சித்திரவதை நடப்பதாக 1855இலேயே எழுதிவைத்தது, வெள்ளையர் அமைத்த சென்னை மாகாண விசாரணைக் குழு. வெள்ளையன் போனான், வழக்கம் போயிற்றா? 2011 நவம்பரில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் தி.மண்டபத்தைச் சேர்ந்த இருளர் பெண்கள் நால்வர், திருட்டு வழக்கு விசாரணை என்று வந்த திருக்கோவிலூர்க் காவலர்கள் தம்மைச் சீரழித்ததாகக் கதறினர். 2025 ஜூனில், நகை காணவில்லை என்ற புகாரில் பிடிபட்ட மடப்புரம் கோயில் காவலாளி காவலில் மாண்டார். அடிப்பவர்க்கு ஊதியம் மக்கள் வரிப்பணம். அடிபட்டவர்க்கு இழப்பீடும் மக்கள் வரிப்பணம்! இது நீதியா, நியாயமா?

"திருடனைப் பிடிப்பவர் யார்?" என்போரே, கேளுங்கள்! ஏழை இருளன் தலையில் வழக்கைக் கட்டி முடிக்கும்போது, உண்மைத் திருடன் ஊருக்குள் உலவுகிறான். அடித்து வாங்கும் வாக்குமூலம் களவைத் துலக்குவதில்லை. கோப்பை மூடுகிறது, அவ்வளவே.

திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி கட்டியெழுப்பிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் கேட்பதென்ன? மாளிகையா? மணிமகுடமா? பொய்வழக்குப் போடாதே, சாதிச் சான்று கொடு, மனைப்பட்டா கொடு! இவ்வளவே.

நாம் கேட்போம் மூன்று. காவலில் நேரும் கொடுமைக்கான இழப்பீடு காவல்துறையின் மானியத்திலிருந்தே கழிக்கப்படட்டும். காவல் நிலையந்தோறும் கண்காணிப்புக் கேமரா வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் இட்ட ஆணை, புது வண்டிகளுக்கும் புதுத் தடிகளுக்கும் முன்பாக முழுமையாக நிறைவேறட்டும். மிஞ்சுவது இருளர் குடியிருப்பின் பட்டாவுக்கும் பள்ளிக்கும் குடிநீருக்கும் போகட்டும்.

வட்டந்தோறும் கூட்டம் கூட்டுங்கள். கணக்கை மக்கள்முன் வையுங்கள். மானியக் கோரிக்கைக்குக் கைதூக்குமுன் உங்கள் தொகுதி உறுப்பினர் விடை சொல்லட்டும்: அவர் கை தடிக்கா, தவிப்போர்க்கா?