மூலமும் திருத்தமும்

அச்சிட்ட பாடநூலின் வரிகளை அடித்து நாமே வேறு வரி எழுதுவதில்லை. தனித்தாளில் குறிப்பெழுதி உள்ளே வைக்கிறோம். புதிய பதிப்பு வந்தால் நூல் மாறும். குறிப்போ நம்மிடமே இருக்கும். கணிப்பொறியின் இயக்குதளத்தை வடிவமைப்போரும் இந்நெறியைக் கைக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாகப் 'பாஸ் லினக்ஸ்' என்னும் இயக்குதளம் மாணவர் பலரின் கைக்கு வந்தது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம், 'டெபியன்' என்னும் இயக்குதளத்தை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது அது. இத்தகைய இயக்குதளங்களில் பல செயல்கள் அமைப்புக் கோப்புகளைப் படித்தே நடக்கின்றன. ஆக்கியோர் எழுதித் தருவது மூல அமைப்பு. நாம் மாற்றுவது திருத்தம்.

இரண்டும் ஒரே கோப்பில் கலந்தால் என்ன நேரும்? நாம் திருத்திய கோப்புக்குப் புதிய பதிப்பு வரும்போது, “உன்னுடையதை வைத்துக்கொள்கிறாயா, புதியதை ஏற்கிறாயா?” என்று டெபியன் கேட்கிறது. பழையதை வைத்தால் புதிய பாதுகாப்பு அமைப்பு கிட்டாமல் போகலாம். புதியதை ஏற்றால் நம் உழைப்பு அழியும். இது நியாயமான தேர்வாகுமா?

2010-இல் தோன்றிய 'சிஸ்டம்டி' இதற்கு நல்ல வழி காட்டியது. மூலக் கோப்புகள் 'யு.எஸ்.ஆர்.' அடைவில் இருக்கும், திருத்தங்கள் 'ஈ.டி.சி.' அடைவில் தனியே இருக்கும். முழுக்கோப்பையும் படியெடுக்க வேண்டியதில்லை. மாறுபடும் வரியை மட்டும் எழுதினால் போதும். அந்தச் சிறு கோப்பை நீக்கினால் மூலம் பழையபடி நிற்கும்.

போடிநாயக்கனூரில் வெயில் காயும்போது குரங்கணிச் சரிவில் பனி மூடியிருக்கும். ஊருக்குப் பொருந்துவது மலைக்கும் பொருந்த வேண்டும் என்பதில்லை. ஏலத்தோட்டக் கணக்கெழுதும் கணிப்பொறிக்கு இணைய இணைப்பு மெலிந்திருந்தால், மென்பொருள் தரவிறக்கும் வேகத்துக்கு வரம்பு விதிக்க ஒரு வரி போதும். டெபியனின் 'ஆப்ட்' அவ்வரியைத் தனிக் கோப்பாகவே ஏற்கிறது. தமிழ் விசைப்பலகை, தமிழ் மொழி அமைப்பு ஆகியவற்றையும் இவ்வாறே ஒரு கல்லூரி முழுமைக்கும் தனித் திருத்தமாக வழங்கலாமே!

“அடுக்குகள் பெருகினால் எது செல்லுபடியாகிறது என்பது விளங்காதே” என்று சிலர் கேட்கலாம். உண்மையே. பெயர் வரிசைப்படி பின்னர் வரும் கோப்பே வெல்லும். அதை அறியாதவர் திகைப்பர். ஆகவே, எந்த வரி எக்கோப்பிலிருந்து வந்தது என்று காட்டும் கட்டளையும் உடன் இருத்தல் வேண்டும். சிஸ்டம்டியில் அது உண்டு. அக்கட்டளை இல்லாத அடுக்குமுறை அரைகுறையே.

மாணவ நண்பர்களே, நாளை நம்மில் சிலர் மென்பொருள் எழுதுவோம். நாம் நல்லதென நினைப்பதை மூலமாகக் கொடுப்போம். பிறர் தம் ஊருக்கேற்பத் திருத்திக்கொள்ளவும், வேண்டாதபோது திரும்பிச் செல்லவும் வழி வைப்போம். பயன்படுத்துவோரை மதிக்கும் முறை அதுவே.