அச்சு எத்தனை?

தேசங்களுக்குள் மனஸ்தாபம் உண்டாக மண்ணும் பொன்னும் காரணமாவதை நேயர்கள் அறிவார்கள். பட்டறையில் நிற்கும் ஒரு யந்திரத்தாலும் அது உண்டாகும் என்றால் நம்புவீர்களா? 1987-ஆம் வருஷத்தில் உண்டாயிற்று.

அவ்வருஷம் அமெரிக்கக் காங்கிரஸ் அங்கத்தினர் சிலர், தங்கள் சபை மண்டபத்துக்கு எதிரே ஒரு தோஷிபா ரேடியோவை வைத்துச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள். ரேடியோ செய்த பாவம் ஒன்றுமில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த தோஷிபா மெஷின் கம்பெனி, ஒன்பது அச்சு யந்திரங்கள் நான்கை 1982-83-இல் சோவியத் நாட்டின் லெனின்கிராடுக்கு அனுப்பியிருந்தது. ஏற்றுமதி அனுமதி கேட்டபோதோ, இரண்டே அச்சுக்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தது! நீர்மூழ்கிக் கப்பலின் சுழல்விசிறியை ஓசை எழாதபடி செதுக்க அவை பயன்பட்டன என்பது அமெரிக்கரின் குற்றச்சாட்டு. தாய்க் கம்பெனியின் தலைவர்கள் இருவர் பதவி துறந்தனர்.

அச்சு என்றதும், இந்தப் பத்திரிகையை அச்சிடும் விஷயம் என்று எண்ண வேண்டாம். இது யந்திரம் அசையக்கூடிய திசையின் கணக்கு. பக்கவாட்டில் ஒன்று, முன்பின் ஒன்று, மேல்கீழ் ஒன்று, ஆக மூன்று. சாய்வதையும் சுழல்வதையும் சேர்த்தால் ஐந்து. தேங்காய் துருவும் பாட்டியைப் பாருங்கள். துருவல்மணையின் பல் அசைவதில்லை. மூடியைத் தள்ளுவதும் சாய்ப்பதும் திருப்புவதும் பாட்டியின் கைகளே. எல்லாம் ஒரே சமயத்தில் நடப்பதால்தான் ஓடு படாமல் பூ விழுகிறது.

பாட்டியின் கைக்கணக்கை யந்திரத்துக்குக் கற்பிக்கும் வித்தைதான் ஸி.என்.ஸி. இதன் முன்னோடி 1952-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கலாசாலையில் அரங்கேறியது. துளையிட்ட நாடா சொன்னபடி அது மூன்று அச்சுக்களில் இயங்கிற்று. இன்று நாடாவின் ஸ்தானத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறது.

மூன்று அச்சு யந்திரத்தில், பொருளின் முகம் மாறுந்தோறும் அதைக் கழற்றி மறுபடி பொருத்தவேண்டும். பொருத்துந்தோறும் மயிரிழை பிசகும். ஐந்து அச்சில் ஒருமுறை பிடித்தால் அநேகமாக வேலை முடிந்தது. ஆகவே, பழைய யந்திரத்தின் மீது சாய்ந்து சுழலும் மேஜையொன்றை ஏற்றிவிடுகிறார்கள். உடல் தயார், மூளை தயாரா? ஐந்து அசைவையும் ஏககாலத்தில் கணக்கிடும் சக்தி கட்டுப்பாட்டுக் கருவிக்கு இல்லையெனில், மேஜை திரும்பி நின்ற பிறகே உளி வெட்டும். வளைந்து முறுகிய விசிறி இதழ் அதற்கு எட்டாக் கனி.

மூளைக்குத்தான் கிராக்கி. லெனின்கிராடு யந்திரங்களுக்கும் அது நார்வேயிலிருந்து சென்றது. ஏககாலத்தில் ஐந்து அச்சுக்களை இயக்கும் யந்திரத்தை எல்லை தாண்டி அனுப்ப, பல தேசங்களில் இன்றும் சர்க்கார் அனுமதி வேண்டும்.

நாமும் சும்மா இருக்கவில்லை. 1953-இல் பெங்களூரில் எச்.எம்.டி. தோன்றியது. 2007-இல் ராஜ்கோட்டின் ஜோதி கம்பெனி, பிரான்ஸின் ஹுரான் கம்பெனியையே விலைக்கு வாங்கியது. எனினும், நம் யந்திரங்களின் மூளை பெரும்பாலும் ஜப்பானியருடையது, அல்லது ஜெர்மானியருடையது. விற்பவன் கதவை அடைத்தால் என்ன செய்வோம்?

அந்த மூளைக்கு வேண்டிய ஜியோமிதியை நம் பள்ளிக்கூடங்களில் போதிக்கத்தான் போதிக்கிறோம். ஆனால், அதில் நூற்றுக்கு நூறு வாங்கும் பையன் பட்டறைப் பக்கம் போனால் வீட்டில் முகம் சுளிக்கிறோம். கணக்குத் தெரிந்த தலையும் எண்ணெய் படிந்த கையும் ஒரே ஆளிடம் சேரும் வரையில், யந்திரம் நம்முடையது, மூளை இரவல்.