கார்டைச் சொருகுவதற்கு முன்

மதர்போர்டில் இருக்கும் சாட்டா போர்ட்டுகள் எல்லாம் நிரம்பிவிட்டன, இன்னும் எட்டு ஹார்ட் டிஸ்க் சேர்க்க வேண்டும். சிறிய அலுவலகச் சர்வருக்கும் கல்லூரி லேப் சர்வருக்கும் ஒருநாள் இந்த நிலை வரத்தான் செய்யும். வழி தெரிந்ததுதான்: ஸ்டோரேஜ் கார்டு ஒன்றை வாங்கி, காலி ஸ்லாட்டில் சொருகி, கேபிள் மாட்டுவது. கை வேலை கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் சர்வரை ஆன் செய்ததும் ஒரு டிஸ்க்கும் தெரியாவிட்டால் பழி கார்டின் மேல் விழுகிறது. பெரும்பாலும் குற்றம் கார்டுடையது அல்ல. சொருகும் முன் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டதுதான் காரணம்.

முதலில் எந்தக் கார்டு என்பது. கடையில் ஒரே மாதிரி தோன்றும் கார்டுகளில் இரண்டு வகை உண்டு. ரெய்டு கார்டு, டிஸ்க்குகளைத் தானே சேர்த்துக் கட்டி, ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ஒரே பெரிய டிஸ்க்காகக் காட்டும். ஹெச்பிஏ கார்டு, ஒவ்வொரு டிஸ்க்கையும் உள்ளது உள்ளபடியே கொடுத்துவிடும். விண்டோஸ் சர்வரில் ஹார்டுவேர் ரெய்டு வேண்டும் என்றால் முதல் வகை. ட்ரூநாஸ் போல ஸெட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தைப் பயன்படுத்தும் இடத்தில் இரண்டாவது வகையே சரி. தரவு சிதைந்திருக்கிறதா என்று சோதித்துத் திருத்தும் வேலையை ஸெட்எஃப்எஸ் தானே செய்கிறது. நடுவில் ரெய்டு கார்டு டிஸ்க்கை மறைத்துக்கொண்டு நின்றால் ஸெட்எஃப்எஸின் கை கட்டப்படும். எல்எஸ்ஐ 9211-8ஐ போன்ற கார்டுகளில் ஃபர்ம்வேரை மாற்றினாலே நடத்தை மாறும். ஹெச்பிஏவாக மட்டும் இயங்க ஐடி மோடு ஃபர்ம்வேர் இருக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: ஏற்கெனவே தரவு உள்ள டிஸ்க்கை ரெய்டு கார்டில் மாட்டிப் புதிய தொகுதி உருவாக்கினால் பழைய தரவு போய்விடும். பேக்கப் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள்.

அடுத்து ஸ்லாட். நீளத்தைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். பார்வைக்கு எட்டு லேன் (தரவுப் பாதை) ஸ்லாட்டாக இருக்கும். உள்ளே நான்கு லேனுக்குத்தான் இணைப்பு கொடுத்திருப்பார்கள். கார்டு வேலை செய்யும், வேகம் பாதியாகும். அது எப்போது உறைக்கும்? மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒரு லேனுக்கு நொடிக்குச் சுமார் 985 எம்பி; நான்கு லேனுக்குக் கிட்டத்தட்ட 3.9 ஜிபி. ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு 250 எம்பி என்று வைத்தாலும் எட்டுக்கும் சேர்த்து 2 ஜிபிதான், தாராளமாகப் போதும். அதே இடத்தில் 550 எம்பி ஓடும் எஸ்எஸ்டி எட்டு இருந்தால் 4.4 ஜிபி, அப்போது ஸ்லாட் இழுத்துப் பிடிக்கும். இரண்டு சிபியு சாக்கெட் உள்ள சர்வரில் இன்னொரு சிக்கல் உண்டு. சில ஸ்லாட்டுகள் இரண்டாவது சிபியுவோடு இணைந்திருக்கும். அந்தச் சாக்கெட் காலியாக இருந்தால் ஸ்லாட்டும் செத்ததுதான். எது எதனோடு என்பதை மதர்போர்டு மேனுவலில் உள்ள படம் காட்டிவிடும்.

கேபிளில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். ஒரு பெரிய கனெக்டரிலிருந்து நான்கு சாட்டா முனை பிரியும் கேபிளில் ஃபார்வர்டு, ரிவர்ஸ் என இரண்டு உண்டு. வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. கார்டிலிருந்து டிஸ்க்குக்குப் போக ஃபார்வர்டு வேண்டும். ரிவர்ஸ் கேபிள், மதர்போர்டின் சாட்டா போர்ட்டுகளிலிருந்து, டிஸ்க்குகள் சொருகும் பேக்பிளேன் பலகைக்குப் போவதற்கானது. மாற்றி மாட்டினால் எதுவும் எரியாது, டிஸ்க்கும் தெரியாது. இதுபோன்ற சாஸ் வகைக் கார்டில் சாட்டா டிஸ்க்கும் ஓடும். மதர்போர்டின் சாட்டா போர்ட்டில் சாஸ் டிஸ்க் ஓடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி மாட்டலாம். சர்வரை ஷட்டவுன் செய்தால் மட்டும் போதாது. பவர் சப்ளை இரண்டு இருந்தால் இரண்டு கேபிளையும் பிடுங்க வேண்டும், ஏனென்றால் ஸ்டாண்ட்பை மின்சாரம் போர்டில் ஓடிக்கொண்டே இருக்கும். கையில் ஆன்டிஸ்டாட்டிக் பட்டை போட்டுக்கொண்டு, கார்டின் விளிம்பைப் பிடித்து, இரண்டு பக்கமும் சமமாக அழுத்திச் சொருகி ஸ்க்ரூவை முடுக்குங்கள். இந்தக் கார்டுகளில் பெரும்பாலும் ஹீட்சிங்க் மட்டுமே இருக்கும், ஃபேன் இருக்காது. ரேக் சர்வரின் காற்றோட்டத்தை நம்பி வடிவமைத்தவை அவை. சாதாரண டவர் கேபினெட்டில் போட்டால் பக்கத்தில் சின்ன ஃபேன் ஒன்று தேவை. நீண்ட நேரம் காப்பி ஓடும்போது பல டிஸ்க்குகள் ஒன்றாகக் காணாமல் போனால், முதல் சந்தேகம் இந்தச் சூட்டின் மேல் விழட்டும்.

ஆன் செய்ததும் லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கட்டளையை ஓட்டுங்கள். அதில் கார்டின் பெயர் வந்தும் சிஸ்டத்தில் டிஸ்க் தெரியவில்லை என்றால் கேபிளையும் டிஸ்க்கின் பவரையும் பாருங்கள். பெயரே வரவில்லை என்றால் ஸ்லாட்டைப் பாருங்கள். எல்லாம் சரியாக வந்த பிறகும் ஒரு வேலை மீதி உண்டு. எந்தத் தட்டில் எந்த சீரியல் நம்பர் என்று எழுதி முன்பக்கம் ஒட்டிவிடுங்கள். எட்டில் ஒன்று பழுதாகும் நாளில், நல்ல டிஸ்க்கை உருவிவிடாமல் தடுப்பது அந்தச் சீட்டுதான்.