பப்ஸ் திங்கவா போனேன்?

ஆடிட் முடிந்து மூச்சு விட ரெண்டு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. ரெண்டையும் பப்ஸ் செய்தே தீர்த்தேன். ஆமாங்க, பப்ஸ்தான். பேக்கரி கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக உட்கார்ந்திருக்குமே, அதே. ஆனால் உள்ளே உருளைக்கிழங்கு மசாலா கிடையாது, ஆரஞ்சு. "தெருமுனையில விக்கிறதை வாங்கித் திங்காம, பி.காம். படிச்ச மனுஷன் மைதா பிசையறார்" என்று தங்கமணி ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியாச்சு :-)

எல்லாம் அப்பாவுக்காக.

அப்பா தூத்துக்குடியில் உப்பளத்துக் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகும் ஊரை விட்டு வரமாட்டேன் என்று அடம். போன வருஷம் ஸ்டென்ட் வைத்த பிறகுதான் வேறு வழியில்லாமல் எங்களோடு ஸ்ரீராம்புரத்துக்கு வந்தார். கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் தனியாகக் கடைக்குப் போய்வர பெங்களூரில் இதைவிடத் தோதான இடம் சொல்வது கஷ்டம். பின்னி மில், மினர்வா மில், ராஜா மில் என்று பஞ்சாலை வேலைக்கு வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கம் ஏராளம். ராஜா மில் இருந்த இடத்தில் இப்போது மந்திரி மால் நிற்கிறது. மில் போனாலும் மனுஷங்க இருக்காங்க.

அப்பாவுக்கு சாயங்காலம் அஞ்சு மணியானால் தெருமுனை பேக்கரி. ஒரு டீ, ஒரு பப்ஸ். விஷயம் தெரிந்ததும் நான் தடா போட்டேன். "டால்டாப்பா அது, இதயத்துக்கு விஷம்" என்று பெரிய லெக்சர் வேறு. அவர் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ரெண்டு வாரம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார், சேனலைக்கூட மாற்றாமல். பப்ஸ் ஏக்கம்தான் என்று நினைத்து, வீட்டிலேயே நல்ல வெண்ணெயில் செய்து கொடுத்துவிடலாம் என்று இறங்கினேன்.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன், பேங்க்காரனுக்குப் பிடித்த சமாச்சாரம் அதில் இருக்கிறது. கால் கிலோ மைதா, கொஞ்சம் உப்பு, ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஐஸ் தண்ணீர். பிசைந்து சதுரமாகத் தேய்த்து, நடுவில் உப்பில்லாத வெண்ணெய் 200 கிராமைத் தட்டையாக வைத்து மூடி, நீளமாகத் தேய்த்து மூன்றாக மடிக்க வேண்டும். வெண்ணெய் அடுக்கு ஒன்று மூன்றாகும். மறுபடி மடித்தால் ஒன்பது. ஆறு மடிப்பில் 729. சாட்சாத் கூட்டு வட்டி! அடுப்புச் சூட்டில் மாவிலும் வெண்ணெயிலும் இருக்கும் தண்ணீர் ஆவியாகி அடுக்குகளைப் பிரித்துத் தூக்குகிறது. சோடாவும் வேண்டாம், ஈஸ்டும் வேண்டாம். ரெண்டு மடிப்புக்கு ஒருமுறை மாவு அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் ஓய்வெடுக்க வேண்டும். வெண்ணெய் உருகி மாவோடு கலந்துவிட்டால் அடுக்கு போச்சு. தூத்துக்குடி வெயிலில் முதல் மடிப்பிலேயே உருகி ஓடியிருக்கும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊர்க் குளிர்ச்சி கைகொடுத்தது.

உள்ளே வைக்க ரெண்டு கமலா ஆரஞ்சின் சாறு, துருவிய தோல், சர்க்கரை, கொஞ்சம் சோளமாவு. தோலைத் துருவும்போது உள்ளேயிருக்கும் வெள்ளை வந்துவிட்டால் கசக்கும். முதல் ஞாயிறு தண்ணியாக விட்டுவிட்டேன். ஆரஞ்சு தட்டில் வழிந்து கருகி, அடிப்பாகம் சொதசொத. ரெண்டாம் ஞாயிறு அல்வா மாதிரி சட்டியில் ஒட்டாத பதம் வரும்வரை கிளறி, நன்றாக ஆறவைத்து, ஒரு ஸ்பூனோடு நிறுத்தினேன். ஓடிஜியில் 200 டிகிரி, 25 நிமிஷம். பன்னிரண்டு பப்ஸ், பொன்னிறத்தில் எழும்பி நின்றன.

அப்பாவுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். பாதி சாப்பிட்டார். "நல்லாருக்குல" என்றார். மறுபடி டிவி பக்கம் திரும்பிவிட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இதுக்காகத்தானே ரெண்டு வாரமா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்க?"

"ஏல, நான் அங்க பப்ஸ் திங்கவா போனேன்?"

அவ்வளவுதான் சொன்னார். பேக்கரி பெஞ்சில் மூன்று பேர் இருக்கிறார்கள். ரெண்டு பேர் மில்லில் இருந்தவர்கள், ஒருத்தர் தையல்காரர். அஞ்சு மணிக்கு ஒருத்தர் வராவிட்டால் மற்றவர்கள் வீட்டுக்கே வந்து விசாரிப்பார்களாம். எனக்கு இது ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளக் கேட்கவும் இல்லை.

இன்னொரு உண்மையையும் ஒத்துக்கொள்ளணும். என் டால்டா லெக்சரே பழைய சரக்கு. எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் சட்டமே இருக்கிறது. அதற்காகக் கடைப் பப்ஸ் மருந்தாகிவிடாதுதான். ஆனால் என் பப்ஸ் மட்டும் என்ன? 200 கிராம் வெண்ணெயைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்க. ஒன்றுக்குப் பதினாறு கிராமுக்கு மேல் வருகிறது, அதில் பாதி நிறைவுற்ற கொழுப்பு. "வீட்டுல செஞ்சது, ஒண்ணும் ஆகாது" என்பது நமக்கு நாமே எழுதிக்கொள்ளும் கள்ளக் கணக்கு. வீட்டுப் பப்ஸில் உருப்படியான லாபம் ஒன்றுதான்: அரை நாள் வேலை என்பதால் தினம் செய்ய முடியாது.

பெங்களூரோ சிங்கப்பூரோ நியூஜெர்சியோ, பெற்றவர்களை நம்மிடம் கூட்டி வந்து வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன், எனக்கும் சேர்த்துத்தான். அவர்களுடைய உப்பு, சர்க்கரை, எண்ணெய் எல்லாவற்றையும் அளக்கிறோம். நல்லதுதான், அளக்கணும். ஆனால் ஒரு பழக்கத்தை வெட்டுவதற்கு முன்னால் அதோடு சேர்ந்து வேறென்ன போகிறது என்றும் பார்க்கணும். ஊர், வீடு, அம்மா எல்லாவற்றையும் விட்டு வந்த மனுஷருக்கு இங்கே சொந்தமாகச் சம்பாதித்த சொத்து அந்த பெஞ்சில் ஓரடி இடம். கொழுப்பைக் குறைக்கிறேன் என்று அதையும் பிடுங்கிவிட்டேன்.

பெங்களூரின் பழைய ஐயங்கார் பேக்கரியை 1898-இல் சிக்பேட்டையில் தொடங்கிய திருமலாச்சாரும் ஹாசன் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்தான். வெளியூரில் மனுஷன் வேர் பிடிப்பது இப்படி ஏதாவது ஒரு கடை வாசலில்தான் போல.

டாக்டரிடம் கேட்டேன். வாரம் ஒரு நாள் பாதி பப்ஸ், மற்ற நாள் டீ மட்டும் என்றார். இப்போது அஞ்சு மணி நடை மறுபடி ஆரம்பித்தாச்சு. போன ஞாயிறு மிச்சப் பப்ஸை டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். பேக்கரிக்காரர் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். அவரே ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "மடிப்பு பரவாயில்லை, உப்பு பத்தலை" என்றாராம்.

பி.கு: தையல்காரருக்கு சுகர். அவருக்கு மட்டும் ஆரஞ்சு வைக்காமல் தனியாக ஒன்று. மைதாவே அவருக்கு ஆகாது என்று தெரியும், அதனால் அதிலும் பாதிதான் :-)