வள்ளி கும்மியும் வட்டத்துக்கு வெளியே நிற்பவரும்

கொங்கு நாட்டில் வள்ளி கும்மி மறுவாழ்வு பெற்றிருப்பது நமக்கு மகிழ்ச்சியே. நல்லூர் போன்ற ஊர்களில் பனியன் கம்பெனி வேலை முடித்து வந்த பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் மாலையில் திடலில் கூடி அடவு பழகுகிறார்கள். சில வாரங்களில் ஒரே நிறச் சேலையில் அரங்கேற்றம். ஆண்களே ஆடிவந்த இக்கலையைப் பெண்களுக்கும் கற்பித்த கோவை மாவட்டத்துப் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அவர் வட்டத்தைப் பெரிதாக்கியவர்.

ஆனால் அண்மை ஆண்டுகளில் சில கும்மி மேடைகளில், சொந்தச் சாதிக்குள்ளேயே மணப்போம் என்று இளம்பெண்களை உறுதிமொழி ஏற்கச் செய்தது செய்தியாயிற்று. பாடப்படும் கதையோ, வேடர் குடியில் வளர்ந்த வள்ளி தான் விரும்பிய முருகனைக் கைப்பிடித்த கதை! இம்முரண் அங்கே ஒருவருக்கும் உறைக்கவில்லையா?

கும்மியில் ஆசிரியர் பாட, குழு அடியெடுத்து வைக்கிறது. ஆகவே ஆடுவோருக்கு மட்டுமன்றி, ஆட்டுவிக்கும் ஆசிரியருக்கும் பயிற்சி வேண்டும் என்பதே நம் கருத்து. அதற்குக் குரலும் தாளமும் மட்டும் போதா. பாட்டின் பொருளை எடுத்துரைக்கத் தெரிய வேண்டும்; வட்டத்துக்கு வெளியே நிற்பவர் யாரெனக் கவனிக்கத் தெரிய வேண்டும். அடுத்த தையல் எந்திரத்தில் அமர்ந்திருப்பவள் ஒடிசாப் பெண்ணாக இருக்கலாம். நம்மூர் அருந்ததியர் தெருப் பெண்ணாகவும் இருக்கலாம். அவளை உள்ளே அழைக்கும் சொல் ஆசிரியர் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

கும்மிப் பாட்டைத் தேர்வு வினாவாக மட்டுமே வைத்திருக்கும் தமிழ்த்துறையினராகிய நமக்கும் இதில் கடமை உண்டு. ஒரு மாலையேனும் திடலுக்குச் சென்று, அந்த ஆசிரியர்களோடு அமர்ந்து வள்ளியின் கதையைப் படிப்போம்.